கார் நின்ற இடம் விற்றவருக்கு எப்படித் தெரிந்தது?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பாடசாலையின் பெயர், காரின் நிறம், மொடல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்குகிறேன். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் இன்னும் குறைவு. நிறத்தைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கணவர் கட்டாரில் வேலை செய்கிறார், இரண்டு பிள்ளைகள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற களைப்பு இன்னும் மறக்கவில்லை. வீட்டுக் கூரையில் சோலாரும் இருக்கிறது. அதனால் வவுனியாவில் ஒரு விற்பனை நிலையத்தில் சீனத் தயாரிப்பான சிறிய மின்சாரக் காரைப் புதிதாக, லீசிங்கில் எடுத்திருக்கிறார். எடுத்துப் பத்து வாரம். காரைக் கையளித்த அன்று, போனுக்குரிய செயலியை விற்பனைப் பிரதிநிதியே அமைத்துக் கொடுத்து, “எல்லாம் உங்கட பேரிலதான் டீச்சர்” என்று சொல்லியிருக்கிறார்.

போன மாதம் மாங்குளத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போய் இரவு தங்கியிருக்கிறார். அடுத்த நாள் காலை அந்தப் பிரதிநிதியிடமிருந்து அழைப்பு: “நேற்று மாங்குளத்திலயே நிண்டனீங்கள்? சார்ஜ் குறைஞ்சு போய்க் கிடக்கு, பாத்து ஓடுங்கோ.” அக்கறையாகத்தான் சொன்னார் என்று ஆசிரியையே எழுதுகிறார். ஆனால் அன்றிலிருந்து காரில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறதாம். “ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நின்ற ஆட்கள் நாங்கள். இப்ப காசு கட்டி நாங்களே சாவடியை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டோமா?” என்று கேட்கிறார்.

கனடாவில் இருக்கும் அண்ணன், சீனக் கார் உளவு பார்க்கும், உடனே விற்றுவிடு என்கிறார். கணவரோ, எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது என்கிறார். அதோடு அந்தச் செயலியைத் தன் போனிலும் போட்டுத் தரச் சொல்கிறார். காரில் இருக்கும் சிம்மைக் கழற்றலாமா, பொலிஸுக்குப் போகலாமா, ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டதால் எனக்கு இனி உரிமை ஏதும் இல்லையா, வடமாகாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி கணவர் சம்மதிக்காமல் காரை விற்க முடியாதா: இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணன் பீஜிங்கைப் பார்த்துப் பயப்படுகிறார். நீங்கள் ஓமந்தையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். இரண்டு பயத்துக்கும் காரணம் உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஆனால் இன்றைய நிலையில் உங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வவுனியாவில் ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கிறார். முதலில் அவருடைய கையிலிருப்பதை வாங்குவோம்.

நடந்தது பெரும்பாலும் இதுதான். இப்படிப்பட்ட கார்களில் ஒரு முதன்மைக் கணக்கு இருக்கும். அதைத் திறந்தவர் காரின் உரிமையாளர் என்று கணினி எடுத்துக்கொள்ளும். பிரதிநிதி அவசரத்தில் தன் மின்னஞ்சலைக் கொடுத்து அதைத் திறந்துவிட்டு, உங்களை இரண்டாவது பாவனையாளராகச் சேர்த்திருக்கிறார். ஆகவே கார் நிற்கும் இடமும் பற்றரியின் அளவும் அவர் போனில் தெரிகின்றன. சில மொடல்களில் கதவைத் திறக்கவும் ஏசியைப் போடவும் முடியும். வீட்டை விற்றவர் ஒரு திறப்பைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, “அடுப்பை நூர்க்க மறந்துட்டீங்கள்” என்று போன் எடுப்பதைப் போன்றது இது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை வேலையை விட்டுப் போவார், போனை விற்பார், கடவுச்சொல்லை அடுத்த பையனிடம் சொல்லுவார். திறப்பு அப்போதும் வெளியேதான் இருக்கும்.

செயலியை உங்கள் போனிலிருந்து அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நடந்தது ஒன்றுதான்: நீங்கள் பார்க்க முடியாமல் போனது. அவர் இன்னும் பார்க்கலாம். திரும்பவும் போட்டுக்கொள்ளுங்கள்.

அழிப்பதற்கு முன் ஆதாரம்

இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். காரின் திரையில் எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து வழக்குப் போடலாமா என்று கேட்பார்கள். அழித்த பிறகு எதைக் காட்டுவது?

ஆகவே முதலில் செயலியில் பாவனையாளர் பட்டியல் இருக்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காரின் திரையையும் படம் பிடியுங்கள். அவர் அழைத்த நாளும் நேரமும் உங்கள் போனின் அழைப்புப் பதிவில் இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள். அடுத்து, அவருக்கு வாட்ஸ்அப்பில் கோபமில்லாமல் ஒரு வரி எழுதுங்கள்: என் கார் இன்னும் உங்கள் கணக்கில் தெரிகிறதா, முதன்மைக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது? அவர் “ஓம் டீச்சர், மாத்தித் தாறன்” என்று பதில் போட்டால் அதுவே பெரிய சாட்சி. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் மின்னணுச் செய்திகளைச் சான்றாக ஏற்க வழி செய்திருக்கிறது. ‘வாட்ஸ்அப் கோட்டில எடுபடாது’ என்று தேநீர்க்கடையில் யாராவது சொன்னால் கணக்கெடுக்க வேண்டாம்.

அது முடிந்ததும் எழுத்தில் கேளுங்கள். விற்பனை நிலையத்துக்கு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். முதன்மைக் கணக்கை என் மின்னஞ்சலுக்கு மாற்றித் தரவேண்டும். உங்கள் ஊழியர் எவரும் இன்றுமுதல் என் காரின் தகவலைப் பார்க்க நான் அனுமதிக்கவில்லை. இதுவரை பார்த்தவர்கள் யார் என்று சொல்லுங்கள். இந்த மூன்றும் போதும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவர்கள் இழுத்தடித்தால், பதிவுப் புத்தகத்தின் பிரதியோடும் அடையாள அட்டையோடும் அந்தக் கார் நிறுவனத்தின் இலங்கை முகவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கணக்கு உங்கள் கைக்கு வந்த பிறகு கடவுச்சொல்லையும் பின் இலக்கத்தையும் மாற்றி, போனைத் திறப்பாகப் பாவிக்கும் வசதியில் வேறு யாருடைய போனாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். காரின் திரையைத் துடைத்துப் புதிதாக அமைப்பது அதன் பிறகுதான்.

சட்டம் எங்கே உதவும், எங்கே உதவாது

‘சம்மதம்’ அழுத்தியதால் உரிமை போய்விட்டது என்று நினைப்பது தவறு. அந்தச் சம்மதம் கார் நிறுவனத்துக்குக் கொடுத்தது. விற்பனைப் பிரதிநிதி வீட்டிலிருந்தபடி உங்கள் காரைப் பார்ப்பதற்கு நீங்கள் எங்கேயும் அழுத்தவில்லை. உங்கள் விஷயத்தில் அந்தப் பொத்தானை அழுத்தியதே அவர்தான் என்றும் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடப்பதைத் தடுக்கிறது. “எல்லாம் உங்கட பேரில” என்று சொல்லிவிட்டுத் தன் பேரில் திறந்தது அதற்குள் வரும் என்பது என் கருத்து. செலவில்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 1977க்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேரவேண்டும். உங்களுக்குப் பத்து வாரம் கழிந்துவிட்டது. கணக்கு தரட்டும், பிறகு யோசிப்போம் என்று இருந்தால் அந்த வாசல் மூடிவிடும். கடிதத்தை அனுப்பும் அதே வாரத்தில் முறைப்பாட்டையும் கொடுங்கள். பிறகு சமரசமானால் அதை அவர்களுக்குத் தெரிவிக்கலாம்.

பொலிஸ்? 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி, தனக்கு அதிகாரமில்லை என்று தெரிந்துகொண்டு ஒருவர் கணினிக்குள்ளோ அதிலுள்ள தகவலுக்குள்ளோ நுழைவது குற்றம். காருக்குள் இருப்பதும் கணினிதான். ஆனால் அவர் என்ன சொல்வார்? டீச்சர்தான் போட்டுத் தரச் சொன்னவ, நான் உதவி செய்தனான் என்பார். இன்றைக்கு அந்தப் பதில் எடுபட இடமிருக்கிறது. பதிவுத் தபால் போன பிறகு எடுபடாது. அனுமதி இல்லை என்று எழுத்தில் வாங்கிய பின்னும் பார்த்தால், ‘தெரிந்துகொண்டு’ என்ற சொல் அவர்மேல் விழும். அதனால் பொலிஸை இரண்டாவது படியாக வையுங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு. யாராவது உங்களைப் பின்தொடர்ந்தாலோ, கார் தானாகத் திறந்துகொண்டாலோ, அவர் பேச்சு வேறு மாதிரிப் போனாலோ கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

எங்களுக்கென்று தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றும் இருக்கிறது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். சம்மதம் என்றால் சுயவிருப்பத்தோடு, விளங்கிக்கொண்டு, குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததாக இருக்கவேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தகவலை அழிக்கச் சொல்லலாம் என்றும் சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அதைக் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைப்படுத்துகிறார்கள். முக்கியமான பகுதிகளுக்குக் குறித்திருந்த 2025 மார்ச் 18ஆம் திகதியையும் கடைசி நேரத்தில் தள்ளிவைத்தார்கள். ஆகவே உங்கள் கடிதத்தில் அந்தச் சட்டத்தை ஒரு வரியில் குறிப்பிடுங்கள், விற்பனை நிலையத்தின் தலைமை அலுவலகம் அதை மதிக்கக்கூடும். முறைப்பாட்டின் பாரத்தை மட்டும் நுகர்வோர் சட்டத்தின்மேல் வையுங்கள்.

சிம்மைக் கழற்றுவது

செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். சிம் போனால் காரின் மென்பொருள் புதுப்பிப்புகளும் வராமல் போகும், அவற்றில் பாதுகாப்பு சம்பந்தமானவையும் இருக்கும். பின்னர் பற்றரியில் கோளாறு வந்தால், காரைக் கழற்றியது நீங்கள்தானே என்று வாரண்டியை மறுக்க ஒரு சாட்டும் கிடைக்கும். அதற்குப் பதிலாகக் காரின் அமைப்புகளில் தகவல் பகிர்வு, குரல் உதவி, உள்ளே இருக்கும் கமரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். உங்கள் போனின் தொடர்பு இலக்கங்களைக் காருக்குள் இறக்குவதற்கும் அனுமதி கேட்டிருக்கும். அதற்கு இல்லை என்று கொடுத்தாலும் அழைப்பு எடுக்கலாம்.

ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் சிக்னல் இல்லாததால் அங்கே போனது பதிவாகாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியல்ல. இடத்தைக் கார் செய்மதியிலிருந்து எடுக்கிறது, அதற்குப் போன் சிக்னல் தேவையில்லை. குறித்து வைத்துக்கொண்டு, சிக்னல் வரும் இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிடலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. லீசிங் எடுத்த வாகனமென்றால் அந்த நிறுவனமும் தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தியிருக்கலாம். ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். இருந்தால் அதில் கை வைக்கக்கூடாது, ஒப்பந்தத்தை மீறியதாக எடுத்து வாகனத்தைத் தூக்குவதற்கு வழி தேடுவார்கள். யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அண்ணனுக்கும் கணவருக்கும்

அண்ணன் சொல்வது வெறும் புரளி அல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு, இணையத்தோடு தொடர்புள்ள கார்களில் சீன, ரஷ்ய மென்பொருளை 2027 மொடல் ஆண்டிலிருந்து தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. அவர் செய்தியில் பார்த்தது அதுவாக இருக்கலாம். ஆனால் அது ஓர் அரசு தன் பாதுகாப்பைப் பற்றி எடுத்த முடிவு. உங்கள் மாங்குளப் பயணத்தைப் பற்றியது அல்ல. அதோடு சீனக் காரை விற்று வேறு நாட்டுக் காரை எடுத்தால் பிரச்சினை தீரும் என்பதும் சரிவராது. 2023இல் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் பரிசோதித்தது. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள். சீன நிறுவனம் ஒன்றுகூட இல்லை. 25உம் தேறவில்லை. அந்த நிறுவனங்களில் பல இன்றும் பெற்றோல் கார்தான் அதிகம் விற்கின்றன. மின்சாரத்தில் ஓடுவதால் கார் உளவு பார்ப்பதில்லை, இணையத்தோடு இணைந்திருப்பதால்தான் பார்க்கிறது. எங்களுக்கு இது புதிதா என்ன? 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டுக்காக அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் எந்தக் கேள்வியும் கேட்காமல் எல்லாரும் கொடுத்தோம். பெற்றோல் வேண்டும், கொடுத்தோம்.

கணவரின் ‘மறைக்க என்ன இருக்கிறது’ என்ற கேள்வியோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2024இல் அமெரிக்காவில், ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஓட்டியவர்கள் எங்கே பிரேக் அடித்தார்கள், எப்போது வேகமாகப் போனார்கள் என்ற தகவல் தரவு நிறுவனங்கள் வழியாகக் காப்புறுதி நிறுவனங்களுக்குப் போனது வெளியே வந்தது. தவணைப்பணம் ஏறியபோதுதான் சிலருக்கு விஷயமே தெரிந்தது. அவர்களும் ஒன்றையும் மறைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல் பாதுகாப்பில்லாமல் இணையத்தில் கிடந்தது தெரியவந்தது. டெஸ்லாவின் கதை உங்களுடையதுக்கு இன்னும் கிட்ட: வாடிக்கையாளரின் கார்க் கமராவில் பதிவானவற்றை ஊழியர்கள் 2019க்கும் 2022க்கும் இடையில் தங்களுக்குள் அனுப்பிச் சிரித்தார்கள் என்று 2023இல் ரொய்ட்டர்ஸ் எழுதியது. யாரும் அங்கே உளவாளி இல்லை. வேலை நேரத்தில் அலுப்புத் தட்டிய சாதாரண ஆட்கள்.

ஓமந்தை பற்றி. உங்கள் கார் போன இடம் ‘ஆமிக்குப்’ போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைப்பையில் இருக்கும் போன் காரைவிடக் கூடுதலாகச் சொல்லும். அது பத்து வருடமாக உங்களோடு இருக்கிறது. வழக்கு விசாரணையில் நீதவானின் உத்தரவோடு தொலைபேசிப் பதிவுகளை எடுப்பது நாங்கள் நீதிமன்றத்தில் வழக்கமாகக் காண்பது. காரின் தகவலையும் அப்படிக் கேட்கலாம். சட்டப்படி நடப்பதைச் சொன்னேன். சட்டத்துக்கு வெளியே நடப்பது பற்றி வன்னியில் இருப்பவருக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்தப் பயம் உங்களுக்கு வருவதைப் பலவீனம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

கணவரின் போனில் செயலியைப் போடுவது சட்டக் கேள்வி இல்லை. வீட்டுக்குள், தனிப்பட்ட தேவைக்குப் பாவிப்பதைத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தொடாது. பிள்ளைகளோடு இரவில் ஏ9 வீதியில் வரும்போது ஒருவருக்காவது இடம் தெரிந்திருப்பது நல்லது என்று அவர் நினைக்கலாம், அதில் நியாயம் உண்டு. முதன்மைக் கணக்கு உங்களிடம் இருக்கட்டும், அவரை இரண்டாவது பாவனையாளராகச் சேருங்கள். பற்றரி நிலை மட்டும் தெரியட்டுமா, இடமும் தெரியட்டுமா என்று இருவரும் பேசித் தீர்மானியுங்கள். சில செயலிகளில் இரண்டையும் பிரித்துக் கொடுக்கலாம். “ஏன் அங்க நிண்டனீ” என்ற விசாரணையாக அது மாறினால் வேறு கதை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தால் 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கம் இருக்கிறது என்பதோடு விடுகிறேன்.

விற்பது

தேசவழமை பற்றி உங்களுக்கு யாரோ பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி கணவரின் சம்மதமில்லாமல் விற்க முடியாதென்பது காணி, வீடு போன்ற அசையாச் சொத்துக்கு. கார் அசையும் சொத்து. உங்களுடையதை நீங்கள் விற்கலாம். உங்களுக்குத் தடை வேறிடத்தில் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்று லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கும். மிச்சக் காசைக் கட்டி அவர்களிடமிருந்து விடுவிக்காமல் யாருக்கும் மாற்ற முடியாது. இத்தனை சீக்கிரம் முடித்தால் கட்டிய காசில் நல்ல பங்கை இழப்பீர்கள். கணக்குக் கைக்கு வந்து, தேவையற்றவற்றை நிறுத்திய பின்னும் படபடப்புப் போகவில்லை என்றால் விற்பதைப் பற்றி அப்போது பேசலாம். எப்போது விற்றாலும், வாங்குபவரிடம் திறப்பைக் கொடுக்க முன் உங்கள் கணக்கை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

இப்போதைக்கு விற்பனைப் பற்றுச்சீட்டை எடுத்துத் திகதியைப் பாருங்கள். அதிலிருந்து மூன்று மாதம் எந்த நாளில் முடிகிறது என்று கலண்டரில் குறித்துவிட்டு, அதற்கு ஒரு கிழமைக்கு முன்னராவது முறைப்பாடு போய்ச் சேரும்படி அனுப்புங்கள். பதிவுத் தபால் துண்டைக் கவனமாக வைத்திருங்கள்.